மகாராணிக்கு வைத்தியத்தில் ஐந்து மார்க்

நான் ஒரு கப்பலைப் பெயிலாக்கியவள். தோணி, படகு இல்லை. பன்னிரண்டு மாடியும் மூன்று நீச்சல் குளமுமாக, இரண்டாயிரம் பேர் ஏறிக்கொண்டு வேளைக்கு ஒரு விருந்து சாப்பிட்டபடி நாடு நாடாகப் போகிற உல்லாசக் கப்பல். அதைப் பெயிலாக்கும்போது எனக்கு வயது இருபத்து மூன்று. அதுவரைக்கும் கப்பல் என்ற ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. சுண்ணாம்பாற்றில் அரை மணி நேரம் படகில் போயிருக்கிறேன், அவ்வளவுதான். (அதிலும் போகும்போது வாந்தி. திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன்.)

கப்பலின் நிஜப் பெயரைச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. மகாராணி என்று வைத்துக்கொள்வோம். நடந்தது 2006ஆம் வருஷம். அதற்கு முந்தின வருஷம், பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் ஆண்ட எங்கள் ஊரில், லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பிரெஞ்சு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஏன் பிரெஞ்சு என்று கேட்டால், மொழிமேல் காதல் என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்லுவேன். உண்மையில், விண்ணப்பம் வாங்கப் போன அன்றைக்குக் கணக்கே இல்லாத பட்டப்படிப்பு எது என்று விசாரித்தேன், அது கிடைத்தது.

வேலை கிடைத்த இடம் ரெட்டியார்பாளையம். விழுப்புரம் ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு டயர் கடை, அதற்கு மேலே எங்கள் ஆபீஸ். எட்டு கம்ப்யூட்டர், எட்டுப் பேர், ஒரு ஏர் கண்டிஷனர். ஏர் கண்டிஷனர் கம்ப்யூட்டர்களுக்காக. நாங்கள் அதன் தயவில் இருந்தோம். முதலாளி முசியே கபிரியேல். (முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.) பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அறுபது வயதிலும் நிமிர்ந்து நடப்பார். தமிழிலேயே திட்டுவார், பிரெஞ்சில் மன்னிப்பார். பெண்கள் எல்லோரையும் ‘மதமுவசேல்’, அதாவது செல்வி, என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் ‘ஏ புள்ள’ என்றே கேட்டு வளர்ந்த எனக்கு முதல் ஒரு வாரம் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

வேலை இதுதான். உல்லாசக் கப்பலில் போகிற பயணிகளுக்குக் கடைசி நாளன்று ஒரு தாள் கொடுப்பார்கள். சாப்பாடு, அறை, சுத்தம், பணியாளர்கள், ஆட்டம்பாட்டம், கரையில் சுற்றிக் காட்டுவது என்று பத்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு எவ்வளவு என்று பயணியே மார்க் போட வேண்டும். கீழே நாலு வரி எழுதவும் இடம் உண்டு. பிரான்சில் மர்செய் நகரத்திலிருந்த ஒரு பயணப் பத்திரிகை இந்தத் தாள்களை வருஷம் முழுக்கச் சேர்த்து, கூட்டிக் கழித்து, ‘இந்த ஆண்டின் சிறந்த கப்பல்கள்’ என்று ஒரு பட்டியல் போடும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அங்கே ஜனங்கள் டிக்கெட் எடுப்பார்கள். கப்பல் கம்பெனிகள் அதற்காகத் தவம் கிடக்கும். தாள்களையெல்லாம் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். கிறுக்கல் கையெழுத்தைப் படித்து மார்க்கைக் கட்டத்தில் ஏற்றுவது நாங்கள்.

இதை வீட்டில் எப்படி விளக்குவது? எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை ஒழுங்காக ஓடாமல் போன பிறகு சேதராப்பட்டில் ஒரு பாக்டரியில் வாட்ச்மேனாக இருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான்தான். அவர் பத்திரிகை, பட்டியல், பயணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தனக்குப் பிடித்த மாதிரி ஒரே வரியாகச் சுருக்கிக்கொண்டார்.

“எம் பொண்ணு கப்பலுக்கு மார்க் போடுது.”

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் இது தெரியாத வீடு கிடையாது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: “கப்பலுக்கு மார்க் போட இன்னா கீது? முழுவாம இருந்தா பாஸ்தானே?” நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் இதைவிடச் சுருக்கமான விதியை நான் கேட்டதில்லை.

ஒரு வருஷம் ஓடியது. வெள்ளைக்காரர்கள் மார்க் போடும் விதம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. இருபதுக்கு இருபது யாருக்கும் தர மாட்டார்கள். பன்னிரண்டு என்றால் திருப்தி. பதினைந்து என்றால் அடுத்த வருஷமும் வருவார்கள். பதினெட்டு என்றால் கப்பலையே கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தயார் என்று அர்த்தம். யாரோ ஒரு கிழவர் ரொட்டிக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருப்பார். இதையெல்லாம் படித்துப் படித்து, டீ குடிக்கிற இடத்தில் நான் கப்பல்களைப் பற்றி ரிட்டயரான கேப்டன் மாதிரி பேச ஆரம்பித்திருந்தேன். கூட வேலை செய்தவர்கள் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்டில் பிரான்சு என்கிற தேசமே லீவு. பத்திரிகையில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மதாம் கிளேரும் லீவில் போய்விட்டார். போவதற்கு முன்னால் முசியேவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மொத்த மார்க்கின்படி கப்பல்களை வரிசைப்படுத்தி முதல்நிலைப் பட்டியலை நீங்களே கப்பல் கம்பெனிகளுக்கு அனுப்பிவிடுங்கள், ஏதாவது ஆட்சேபம் இருந்தால் அவர்கள் சொல்லட்டும், நவம்பரில் அச்சிடுவோம் என்று. முசியே அந்த வேலையை என்னிடம் தந்தார்.

“மதமுவசேல் மலர்விழி, இது உங்க பொறுப்பு. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடணும்.”

ரேங்க் போடுவது. என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி இப்படி ஒரு வேலையைக் கொடுத்ததில்லை. நான் தலைகால் புரியாமல் உட்கார்ந்து வேலை செய்தேன். மொத்தத்தைக் கம்ப்யூட்டர் கூட்டியது. மகாராணி இருநூறுக்கு நூற்று ஐம்பத்தாறு. தொடர்ந்து நாலு வருஷமாக அதுதான் முதலிடம். இந்த வருஷமும் அதற்குப் பக்கத்தில் எந்தக் கப்பலும் இல்லை. சாப்பாடு பதினெட்டு, அறை பதினேழு, பணியாளர்கள் பதினேழு. அப்படியே கட்டங்களில் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றேன். வைத்திய வசதி: ஐந்து.

இருபதுக்கு ஐந்து. நம் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தைந்து பாஸ் என்றால் இருபதுக்கு ஏழு வேண்டும். ஐந்து பெயில்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மகாராணிக்கு நேரே ரேங்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ‘முடிவு’ என்று நானாகவே ஒரு கட்டம் உண்டாக்கி, மற்றக் கப்பல்களுக்கெல்லாம் ‘தேர்ச்சி’ என்றும் மகாராணிக்கு மட்டும் ‘தோல்வி’ என்றும் பிரெஞ்சில் அடித்தேன். இரண்டாவதாக இருந்த ஒரு சின்னக் கப்பலை முதல் ரேங்குக்கு ஏற்றினேன். துணிச்சலாக எதையோ செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. அதுதான் வேடிக்கை. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகமே வரவில்லை. ஒரு பாடத்தில் போனால் மொத்தமும் போச்சு, பெயிலான பிள்ளைக்கு ஏது ரேங்க்? ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் பார்த்த அத்தனை மார்க் ஷீட்டும் அப்படித்தான் இருந்தன. உலகம் பூராவும் ரேங்க் என்றால் அப்படித்தான் என்று, சூரியன் கிழக்கே உதிப்பதை நம்புகிற மாதிரி நம்பியிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பட்டியலின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. கையெழுத்து புரியவில்லை, தாள் கிழிந்திருக்கிறது என்கிற மாதிரி விஷயங்களை எழுதுவதற்கு. பக்கத்து சீட்டுக்காரியைச் சிரிக்க வைப்பதற்காக அதில், “உழைப்பு போதாது. பெற்றோர் நேரில் வந்து சந்திக்கவும்” என்று அழகான பிரெஞ்சில் எழுதிக் காட்டினேன். அவள் சிரித்தாள். அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

முசியேவுக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பெத்தாங்க் ஆட்டம் உண்டு. இரும்பு உருண்டையைத் தூக்கி எறிந்து விளையாடுவது. பழைய பட்டாளத்துக்காரர்கள் அதற்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால் மானக்கேடாக நினைப்பார்கள். நாலே முக்காலுக்கு வந்தார். “முடிஞ்சிதா? கூட்டல் சரியா? வுவாலா, ஆச்சு” என்று சொல்லி, கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அழுத்தில் அனுப்பிவிட்டுக் கிளம்பிப்போனார்.

திங்கள்கிழமை காலையில் நான் உள்ளே நுழையும்போது முசியே போனைக் காதில் வைத்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார். மறுமுனையில் மதாம் கிளேர். லீவில் இருந்த பெண்மணியை எழுப்பிப் பேச வைத்திருக்கிறேன் என்றால் சாதாரண விஷயம் இல்லை. போனை வைத்துவிட்டு, நான் போட்ட பட்டியலின் அச்சை என் முன்னால் வைத்தார். ‘தோல்வி’யைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.

“மொத்தத்துல முதல்ல வந்த கப்பல் எப்பிடிம்மா பெயிலாவும்?”

“வைத்தியத்துல அஞ்சுதான் முசியே. பாஸுக்கு ஏழு வேணும். ஒண்ணுல பெயிலுன்னா பெயில்தானே?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேலும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது. அவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே மொத்த சராசரிதான் கணக்கு. கணிதத்தில் நாலு வாங்கினாலும் இலக்கியத்தில் பதினாறு வாங்கினால் அது இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரே ஊரில் நாலு தெரு தள்ளி இரண்டு பள்ளிக்கூடம். ஒன்றில் பாஸாகிற பிள்ளை இன்னொன்றில் பெயில். இதை அவரும் அறுபது வயதுவரை யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. (என்னை மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் என் வாழ்க்கையே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.)

“சரி, இது தப்பு. புரிஞ்சிது. ஆனா இந்தப் பெத்தவங்கள வரச் சொன்னது எதுக்கு?”

பக்கத்து சீட்டுக்காரி கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

“வர்றாங்க, மதமுவசேல். நீங்கதானே கூப்பிட்டீங்க. கப்பல் கம்பெனியிலேர்ந்து முசியே மொரேல்னு ஒருத்தர். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க சென்னை வந்திருக்காராம். வியாழக்கிழமை இங்க வர்றார். மதாமும் வர்றாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவங்க இந்த வேலைய நம்மகிட்டேர்ந்து எடுத்துட்டா, அன்னிக்கே இந்த ஆபீஸ மூட வேண்டியதுதான். எட்டு பேரும் வூட்டுக்குப் போவணும்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் இன்னும் ஏழு பெண்களுக்கு வேலை போகப்போகிறது என்கிற நினைப்பு, டைப் அடிக்கும்போதெல்லாம் விரலில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் அப்பா துருவித் துருவிக் கேட்டதில் ஒரு வரி மட்டும் சொன்னேன்: ஒரு பெரிய கப்பல் பெயிலாகிவிட்டது, அதன் ஆட்கள் வருகிறார்கள். அப்பா, “அது அவங்க கவல, நீ இன்னாத்துக்குப் பட்டினி கெடக்கற?” என்றார்.

வியாழக்கிழமை. பக்கத்து டைலர் கடையிலிருந்து நல்ல நாற்காலி இரண்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். மதாம் கிளேர் ஒல்லியாக, கழுத்தில் மூக்குக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். முசியே மொரேல் ஆறடி உயரம், அந்த வெயிலிலும் கோட்டு. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம், வெளியே விழுப்புரம் பஸ்களின் ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் மொரேல் பேச்சை நிறுத்திவிட்டு, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்க நாலு வரி பிரெஞ்சை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: படிக்க, எழுத எனக்கு நன்றாக வரும். ஆனால் ஒரு நிஜமான வெள்ளைக்காரரிடம் நான் அதுவரை வாயைத் திறந்து பேசியது கிடையாது. மொரேல் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலு வரியும் காணாமல் போயின. வாயில் அகப்பட்டது முதல் வருஷப் பாடப் புத்தகத்து மூன்றாம் பாடம்தான்.

“ஐயா, லியோன் நகருக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?” என்று மிகச் சுத்தமான உச்சரிப்பில் கேட்டேன்.

மொரேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மதாமைப் பார்த்தார். முசியே கபிரியேல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் நான் தமிழில் பேசுவது, அவர் மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடானது.

மொரேல் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். மகாராணியைப் பற்றி வந்த தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் வைத்தியம் என்ற கட்டத்தை நிரப்பியவர்கள் வெறும் பதினோரு பேர். நானூறு பேர் மகிழ்ச்சியாக இருக்கும்போது பதினோரு பேருக்காக ஒரு கப்பலைத் தள்ளி வைப்பது எந்த ஊர் நியாயம்? மதாம் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். ஏழு பெண்களும் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. நைட் ஷிப்ட் முடிந்து வாட்ச்மேன் சட்டையோடு, நான் பயத்தில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் ஒரு பார்வை பார்த்தார். நடுவில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர், முன்னால் மார்க் ஷீட், எதிரில் டீச்சர் மாதிரி கண்ணாடி போட்ட அம்மா. அவருக்கு எல்லாமே ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்தக் காட்சியை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவர்.

பையை என் மேஜையில் வைத்துவிட்டு நேரே மொரேலிடம் போனார். தோளில் கை வைத்தார்.

“வுடுங்க சார். மனச தளர வுடாதீங்க. பெயிலாவறது ஒலகத்துல இல்லாததா? தோ நிக்குது பாருங்க, எம் பொண்ணு, இதுவும் பெயிலான புள்ளதான். பத்தாவதுல கணக்கு இருவத்தெட்டு. வூட்ல ஒரு வாரம் அடுப்பு எரியல. அப்புறம் இன்னா பண்ணோம்? டியூசன் வெச்சோம். அக்டோபர்ல எழுதி பாஸ் பண்ணிடிச்சி. இன்னிக்கு கப்பலுக்கே மார்க் போடுது. உங்க புள்ளையும் அக்டோபர்ல எழுதட்டும் சார். அடிக்க மட்டும் அடிக்காதீங்க.”

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் டயர் கடையில் விழுந்திருப்பேன், தப்பித்திருப்பேன். பத்தாம் வகுப்பில் நான் பெயிலான விஷயம் அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் தெரியாது. மொத்தம் ஐந்நூறுக்கு முந்நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டுக் கணக்கில் மட்டும் ஊற்றிக்கொண்ட கதையை எட்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

“என்ன சொல்கிறார்?” என்று மதாம் கேட்டார்.

“ஒண்ணுமில்ல மதாம்” என்றார் முசியே.

“இவ்வளவு நேரம் பேசினாரே. சொல்லுங்கள்.”

இருபது வருஷம் உத்தரவுக்குப் பழகின மனிதர். நிமிர்ந்து உட்கார்ந்து, அடுப்பு எரியாதது உட்பட ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னார். மதாம் நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குவதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. சொல்லி முடித்த பிறகுதான் முசியேவுக்கே ஒரு விஷயம் உறைத்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“கணக்குல பெயிலா? கூட்டல் எல்லாம் நீங்கதானே போட்டீங்க?”

“கம்ப்யூட்டர் போட்டுது முசியே.”

மொரேல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கணக்கில் தேறாதவர் போட்ட கூட்டலை எப்படி நம்புவது, அந்த ஐந்து தப்பாகவே இருக்கலாம், தாள்களைக் கொண்டுவாருங்கள், நானே கூட்டிப் பார்க்கிறேன் என்றார்.

“இன்னா சொல்றாரு?” என்று அப்பா கேட்டார்.

“அவரே திரும்பக் கூட்டிப் பாக்கணுங்கறாரு.”

“ரீடோட்டலிங்கா? தாராளமா பாக்கட்டும். அது அவங்க உரிம” என்று சொல்லிவிட்டு, அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மொரேல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு தாள்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மொரேல் பேனாவைத் திறந்து ஒவ்வொரு மார்க்காக எழுதிக்கொண்டே வந்தார். முதல் தாள், இரண்டாவது தாள். மூன்றாவதில் நின்றுவிட்டார். அந்தத் தாள் எனக்கு நன்றாகத் தெரியும். அதை ஏற்றிய அன்றைக்கு எனக்குச் சாயந்திரம் வரை மனசு சரியில்லை. எழுதியவர் ஒரு வயதானவர், எழுத்தெல்லாம் நடுங்கும். மதாம் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

“ஆறாம் நாள் என் மனைவி படியில் விழுந்தாள். வைத்தியர் அறையில், சாப்பாட்டுக்குப் பிறகு வரவும் என்று அட்டை தொங்கியது. இரண்டரை மணி நேரம் வெளியே காத்திருந்தோம். அதற்குள் ஒரு நல்ல பையன் மூன்று முறை எங்களுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்தான். மணிக்கட்டு உடைந்திருந்தது. ஐஸ்கிரீமுக்குப் பதினெட்டு. வைத்தியருக்கு இரண்டு.”

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை. மொரேல் மீதித் தாள்களையும் படித்தார். இப்போது மார்க்கைப் பார்க்கவில்லை, கீழே இருந்த வரிகளைப் படித்தார். எல்லாம் முடிந்து கூட்டியபோது மொத்தம் ஐம்பத்து நாலு வந்தது. பதினொன்றால் வகுத்தால் ஐந்துகூட வரவில்லை. கம்ப்யூட்டர்தான் பாவம் பார்த்து ஐந்து என்று முழுசாக்கியிருந்தது. ரீடோட்டலிங் போட்டு மார்க் குறைந்தது அந்தக் கப்பலுக்குத்தான் இருக்கும்.

“ஆனாலும் மற்ற நானூறு பேர்” என்று மொரேல் ஆரம்பித்தார். குரலில் பழைய பலம் இல்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மானம் போய்விட்ட பிறகு இனி போவதற்கு எதுவும் இல்லை என்பதால் வந்திருக்கலாம். தமிழில்தான் சொன்னேன்.

“அந்த நானூறு பேர் டாக்டர பாக்கவே இல்ல சார். ஒடம்பு நல்லா இருந்திச்சி, போவல. அதனால மார்க் போடல. ஒடம்பு முடியாம போனது பதினோரு பேரு. பதினோரு பேருமே கம்மியாத்தான் போட்டிருக்காங்க. சாப்பாட்டுல பதினெட்டு வாங்கினா அது அந்தம்மா கைக்கு இன்னா பண்ணும்? சராசரி எடுத்தா கப்பல் மொதல்ல வந்துடும், அந்தப் பதினோரு பேரும் எங்க இருக்காங்கன்னே தெரியாது.”

முசியே கபிரியேல் இதை மொழிபெயர்க்கும்போது, எழுந்து நின்று மொழிபெயர்த்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, சராசரியில் பாஸான மனிதர். முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: “இவள் சொல்வதுதான் சரி.”

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். பாஸுக்கு எவ்வளவு வேண்டும் என்று முசியேவிடம் கேட்டுக்கொண்டு, மொத்தக் கப்பல்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் ஏழுக்குக் கீழே எங்கேயாவது இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடினார். வேறு எந்தக் கப்பலும் இல்லை. பிறகு என்னிடம் மெதுவான, எனக்குப் புரிகிற பிரெஞ்சில் கேட்டார்: “இந்த ஏழு என்கிற எல்லையை யார் வைத்தது?”

“எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், மதாம்” என்றேன். அதையும் பிரெஞ்சிலேயே சொன்னேன். ரயில் வரவில்லை.

“இந்த வருஷத்திலிருந்து எங்கள் பத்திரிகையும் வைக்கும்” என்றார்.

மொரேல் பேனாவை மூடினார். அப்பா பக்கம் திரும்பினார். பிறகு முசியேவிடம் கேட்டார்: “அக்டோபர் என்றாரே, அது என்ன?”

அப்பாவுக்கு வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. ஸ்டூலில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, பெயிலான பிள்ளைகள் ஒரு வருஷத்தை வீணாக்காமல் அக்டோபரில் அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம், பாஸானால் பழைய மார்க்கோடு சேர்ந்துவிடும் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். முசியே மூச்சு விடாமல் மொழிபெயர்த்தார். மொரேல் கேட்டுக்கொண்டு, மதாம் பக்கம் திரும்பி, நவம்பரில்தானே அச்சு, அக்டோபர் பயணத்துத் தாள்களை வைத்து வைத்தியத்தை மட்டும் மறுபடி பார்ப்பீர்களா என்று கேட்டார். மதாம் ஒப்புக்கொண்டார். மொரேல் எழுந்து, எனக்குக் கை கொடுத்துவிட்டு, அப்பாவுக்கும் கை கொடுத்தார். அப்பா அவரைப் படி இறங்கும் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, “நல்ல மனுசன். பாவம், புள்ளதான் சரியில்ல” என்றபடி திரும்பி வந்தார்.

மகாராணி அக்டோபரில் எழுதியது. புது வைத்தியர், கூடவே இரண்டு நர்ஸ், ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும் அறை. அந்தத் தாள்கள் வந்தபோது எட்டுப் பேரும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். ஒவ்வொரு மார்க்கையும் நான் ஏற்ற ஏற்ற முசியே ஒரு தாளில் கையால் கூட்டிக்கொண்டே வந்தார். (அன்றிலிருந்து என் கூட்டலை அவர் நம்பவே இல்லை.) வைத்தியத்தில் பதின்மூன்று. ஆபீஸே கை தட்டியதில் டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். கப்பல் பாஸாகிவிட்டது என்றோம். அவர் அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

நவம்பர் இதழில் பட்டியல் வந்தது. முதல் இடம் அந்தச் சின்னக் கப்பலுக்கு. அக்டோபரில் எழுதியவர்களுக்கு ரேங்க் கிடையாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன், மதாமும் மறுக்கவில்லை; மகாராணிக்கு ‘தேர்ச்சி’ மட்டும்தான். பட்டியலுக்கு மேலே கட்டம் கட்டிப் புது விதி அச்சாகியிருந்தது: எந்த ஒரு விஷயத்திலும் ஏழுக்குக் குறைந்த கப்பல், மற்றவற்றில் எவ்வளவு சிறந்ததானாலும், இந்த வரிசையில் இடம்பெறாது. யாருடைய பெயரும் அதில் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை வெட்டி அப்பா கண்ணாடி போட்டு மாட்டினார். பத்தாம் வகுப்பில் என்னைக் கவிழ்த்த அதே விதி, பிரெஞ்சில், எங்கள் கூடத்துச் சுவரில். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் பெருமையும் கண்ணில் தண்ணீரும் வந்தது. அடுத்த வருஷம் எங்கள் ஆபீஸில் பதினாறு கம்ப்யூட்டர். மதாம் மர்செய்யிலிருந்து போன் செய்தால் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார், “இந்த வருஷம் யார் பெயில்?” என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பொண்ணு என்ன படித்திருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, அப்பா பட்டப்படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அது படிச்சத வுடுங்க, எந்தக் கப்பல பெயிலாக்கிச்சின்னு கேளுங்க” என்று ஆரம்பித்து, கதையை முழுசாகச் சொல்லி முடிக்கும்போது காப்பி ஆறிவிட்டது. அவர் சொல்லும் கதையில் மகாராணிக்கு இருபது மாடி, மொரேல் அழுதார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் கலங்கிப்போய், “கட்டிக்கிட்டா எனக்கும் மார்க் போடுவீங்களா?” என்று கேட்டார். போடுவேன் என்றேன். அப்படியும் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு கல்யாண நாளன்றும் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பார். “மொத்தம் எவ்ளோன்னு சொல்ல வாணாம். எதுல பெயில், அத மட்டும் சொல்லு.” சமையல் நன்றாகச் செய்வார், மாமியாரிடம் எனக்காகப் பேசுவார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவர்தான். மொத்தத்தில் மனிதர் முதல் ரேங்க். ஆனால் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதில் இருபதுக்கு மூன்றைத் தாண்டியதில்லை. இதோடு பதினேழு அக்டோபர் போய்விட்டது. இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.